முப்பத்திரண்டு தட்டும் ஒரு சந்தனக் கிண்ணமும்

முல்லைத்தீவு ரேடியோக் கடை ஸுஹைரின் முப்பத்திரண்டு இசைத்தட்டுகளுக்கு நிலையான விலை என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முதல் தட்டை அவர் அறுபத்து நாலாம் ஆண்டு கொழும்பில் வாங்கினார். புறக்கோட்டையில் ஒரு கடையில் ரேடியோ திருத்தப் பழகிக்கொண்டிருந்த இருபத்தொரு வயது. துறைமுகத்தில் இறங்கிய கப்பல் பேண்ட்காரன் ஒருவன், தட்டுப் போடுகிற பெட்டியொன்றைத் திருத்தக் கொண்டுவந்தான். திருத்தி முடித்துச் சோதிப்பதற்கு அவனுடைய தட்டையே போட்டார்கள். ஊதுகிறவன் முதலில் ஒழுங்காக ஒரு மெட்டை ஊதினான். பிறகு அதை விட்டுவிட்டு எங்கோ போனான், போனான், இனி வரமாட்டான் என்று ஸுஹைர் நினைத்த இடத்தில் திரும்பி வந்து நின்றான். இதற்கு ஜாஸ் என்று பெயர் என்றான் பேண்ட்காரன். ஏழு நாள் உழைத்த ஒரு கிழமைச் சம்பளத்தைக் கொடுத்து அந்த நீல லேபல் தட்டை வாங்கிய ஸுஹைர், அந்தக் கிழமை முழுவதையும் பாண் ரொட்டியும் சம்பலுமாகக் கழித்தார்.

அதன் பிறகு பைத்தியம் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். முல்லைத்தீவுக்கு வந்து கடை போட்ட பின்னரும் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒன்றிரண்டு தட்டோடு வருவார். எண்பதுகளில் கசெட் வந்தது; தட்டுகள் குப்பை விலைக்கு இறங்கின. ஆட்கள் அவற்றைச் சுடுதண்ணீரில் போட்டு வளைத்துப் பூச்சாடி செய்தார்கள். அப்படிப் பூச்சாடியாகப் போகவிருந்த ஒன்பது ஜாஸ் தட்டுகளை அவர் ரூபாய்க்கு ஒன்றாக மீட்டார். மனைவி ஜொஹறா தலையில் கைவைத்துக்கொண்டு, "ரூவாக்கு ஒரு தேங்காய் வாங்கியிருக்கலாம்" என்றாள். அன்றைய சந்தை நிலவரத்தில் அவள் சொன்னது சரிதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், முஸ்லிம் சனம் எல்லோரும் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஊரை ஆண்ட இயக்கத்தின் அறிவித்தல் வந்தது. அன்றைக்குப் பார்த்து, திருத்தக் கொடுத்த ரேடியோவை எடுக்க முத்தையன்கட்டிலிருந்து ஐயாத்துரை சைக்கிளில் வந்திருந்தார். குளத்துக் குடியேற்றத்தில் வயல் செய்கிறவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, காணி கிடைத்து வந்தவர். கடைக்கும் அவருக்கும் ரேடியோ அளவுக்குத்தான் பழக்கம். ஸுஹைர் முப்பத்திரண்டு தட்டையும் அடுக்கிய ஒரு மரப்பெட்டியைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார்.

"அண்ணை, இது அமானிதம். நம்பித் தாற பொருள். நான் வந்து கேட்கிற வரைக்கும் வைச்சிருங்கோ."

உள்ளே என்ன என்று ஐயாத்துரை கேட்கவில்லை. "ஓம் நானா" என்றார். அவர் ஸுஹைரை விட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் முஸ்லிம் கடைக்காரரென்றால் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன்தான். இருபது மைல் சைக்கிளை உருட்டியும் ஓடியும் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பதின்மூன்று வருடம் போனது. ஸுஹைர் புத்தளத்தில், அகதிமுகாம் ஓரத்தில், ஒரு தகரக் கொட்டிலில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தார். யுத்தநிறுத்தம் வந்து பாதை திறந்ததும் ஒருமுறை முல்லைத்தீவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடையும் வீடும் சேர்ந்த அந்தக் கட்டடத்தில் மூன்று சுவர் நின்றது, கூரை இல்லை. திரும்பிப் போவோம் என்றார் மனைவியிடம். ஜொஹறா ஒரே பிடியாக நின்றாள்.

"வாறன். ஆனா கூரை போட்ட வீட்டுக்கு வாறன். இன்னொரு கொட்டிலுக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ."

கூரைக்கு எங்கே போவது? அந்த நேரத்தில்தான் கொழும்புச் சிநேகிதர் ஒருவர் மூலமாகப் பரமேஸ்வரன் அறிமுகமானார். கொக்குவிலில் பிறந்து இலண்டனில் இருப்பவர். பழைய ஜாஸ் தட்டு சேர்ப்பதும் விற்பதும்தான் அவருக்கு மூச்சு. வெளிநாட்டில் தட்டுக்கு மறுபடி காலம் வந்துவிட்டது, சீடியை விட்டுவிட்டு ஆட்கள் தட்டைத் தேடுகிறார்கள், கம்ப்யூட்டரில் ஏலம் போகிறது என்று அவர் சொன்னார். ஸுஹைர் ஞாபகத்திலிருந்தே முப்பத்திரண்டின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். நீல லேபல் என்ற இடத்தில் பரமேஸ்வரனின் விரல் நின்றுவிட்டது.

"அண்ணை, இது முதல் அச்சு எண்டா, இந்த ஒண்டு ஒரு லான்ட்மாஸ்டர் விலை போகும்."

ஒரு தட்டுக்கு ஒரு உழவு மெஷின்! ஆனை விலை குதிரை விலை சொல்கிறானே என்று ஸுஹைர் வாய்பிளந்தார். முப்பத்திரண்டையும் விற்றால் கூரையும் வரும், நாலாவது சுவரும் வரும், கடைக்கு அலுமாரியும் வரும். தட்டுகள் இன்னும் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. தட்டுகளை விற்றுக் கூரை போடப் போவதாக ஐயாத்துரைக்கு எழுதிய கடிதத்துக்கு ஒரே வரியில் பதில் வந்தது: "பெட்டி இருக்கிறது, வாருங்கள்." அந்த வரியைப் படித்துவிட்டு மனிதர் அழுதார்.

புரட்டாதி மாதம், பரமேஸ்வரன் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் இருவரும் புறப்பட்டார்கள். ஸுஹைரின் மடியில் அவரே திருத்திய, பற்றரியில் ஓடுகிற தட்டுப்பெட்டி ஒன்று. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அதை இராணுவமும் இயக்கமும் திறந்து பார்த்து, ஊசியை முறைத்துவிட்டுப் போக விட்டார்கள். மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் தாண்டி, பின்னேரம் மூன்று மணிக்கு முத்தையன்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று சரஸ்வதி பூசை. இரண்டு பேருக்கும் அந்த நினைவில்லை.

வாசலுக்கு ஓடிவந்த ஐயாத்துரை ஸுஹைரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் கூட்டிப்போனார். உள்ளே சாமியறையில், வெள்ளைச் சீலை விரித்த பலகையில், பாடப் புத்தகங்கள், ஒரு தையல் கத்தரிக்கோல், வயல் கணக்கெழுதும் கொப்பி. அவற்றின் நடுவே, வரிசையாகச் சுவரில் சாய்த்தபடி ஸுஹைரின் தட்டுகள். அவற்றுக்கு முன்னால் ஐயாத்துரையின் மனைவி விமலேஸ்வரி குந்தியிருந்தாள். மடியில் கடைசித் தட்டு, நீல லேபல்; இடது கையில் சந்தனக் கிண்ணம். ஆட்கள் வந்த சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மோதிரவிரல் தன் வேலையைச் செய்துவிட்டது. லேபலின் ஓட்டைக்குக் கீழே ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

"ஐயோ அக்கா!" என்று பரமேஸ்வரன் கத்தினார். பிள்ளை கிணற்றில் விழுந்தாற்கூட ஒரு மனிதன் அப்படிக் கத்துவானோ தெரியாது.

விமலேஸ்வரிக்கு அந்தக் கத்தல் விளங்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள். "நானா, வந்திட்டியளோ! பாருங்கோ, முப்பத்திரண்டும் இருக்கு. பாட்டும் படிப்புத்தானே, அதுகும் சரஸ்வதியின்ர சாமான். வருசா வருசம் துடைச்சுப் பொட்டு வைக்கிறனான். ஒரு வருசமும் விடேல்லை."

ஸுஹைர் கதவு நிலையில் நின்று எட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு தட்டிலும், ஒரே இடத்தில், வருடத்துக்கு வருடம் பொட்டின் மேல் பொட்டு. காய்ந்து உதிர்ந்த இடத்தில் மஞ்சள் கறை. குங்குமம் கடதாசிக்குள் இறங்கிச் சிவந்திருந்தது. லேபலில் அச்சடித்திருந்த கம்பனி முகவரி, இலக்கம், எல்லாம் அந்தப் பொட்டுக்குள் போய்விட்டன. வெண்ணெய் திரண்டு வரும் நேரம் தாழி உடைந்த கதை என்பது இதுதான்.

தான் கொக்குவில் ஆள், இலண்டனிலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டே பரமேஸ்வரன் உடனே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நின்றார். நாளை பின்னேரம் அவர் யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டுமாம். விமலேஸ்வரி சங்கடத்தோடு கைகளைப் பிசைந்தாள். "பூசையில வைச்சதை விசயதசமி விடியத்தானே தம்பி எடுக்கிறது. கொக்குவில் பிள்ளைக்குத் தெரியாதே?" பிறகு ஸுஹைர் பக்கம் திரும்பினாள். "ஆனா சாமான் உங்கட, நானா. நீங்கள் எடு எண்டா எடுக்கிறன்."

எடு என்று சொல்ல ஸுஹைருக்கு நாக்கு நுனி வரை வந்தது. பொய் சொல்வானேன், அந்த நேரம் அவருக்கு வயிறு எரிந்தது. யாருடைய தட்டுக்கு யார் பொட்டு வைப்பது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. புத்தளத்தில் இருந்தவனிடம் எப்படிக் கேட்பது என்று அதே மனம் திருப்பியும் கேட்டது.

"வைச்சது வைச்சபடி இருக்கட்டும், தங்கச்சி" என்றார் கடைசியில். "பதின்மூண்டு வருசம் பொறுத்தனான். இந்தத் தம்பி ஒரு நாள் பொறுக்கட்டும்."

அவள் கூடத்தின் ஒரு மூலையைக் காட்டினாள். "அங்க கூட்டித் துடைச்சுப் புதுப்பாய் போட்டிருக்கிறன் நானா, மேற்குப் பக்கமாய். தொழுகிற நேரம் வந்திட்டுதெல்லே? வாளியில தண்ணி இருக்கு." ஸுஹைர் தொழுதார். ஆனால் மனம் தொழுகையில் நிற்கவில்லை. கூரைக்கும் சந்தனத்துக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தது.

தொழுது முடித்ததும் ஐயாத்துரை அவரைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போனார். நடந்துகொண்டே தன்பாட்டில் கதைத்தார்.

"முதல் வருசமே கறையான் பிடிச்சிட்டுது நானா. பிள்ளையளின்ர புத்தகம் அவ்வளவும் போச்சு. பெட்டியின்ர அடியும் அரிச்சுப்போட்டுது. இவ பயந்துபோய்ப் பெட்டியைச் சாமியறைக்கு மாத்தினவா. அங்கயெண்டா நாளாந்தம் கூட்டுற இடம், கண்ணில பட்டுக்கொண்டிருக்கும். சாமியறைக்கு வந்த சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விடலாமோ எண்டவா. அப்பிடித் துடங்கினதுதான்."

தொண்ணூற்றெட்டில் ஊரோடு இடம்பெயர்ந்த கதையையும் சொன்னார். ஒரு உழவு மெஷின் இழுக்கிற பெட்டியில் மூன்று குடும்பத்துச் சாமான். ஆளுக்கு இவ்வளவு இடம் என்று அளந்து விட்டார்களாம். விமலேஸ்வரி தன் தையல் மெஷினை இறக்கி வைத்துவிட்டுத் தட்டுப் பெட்டியை ஏற்றினாளாம். திரும்பி வந்தபோது தையல் மெஷின் இல்லை. கத்தரிக்கோல் மட்டும் மிச்சம். பூசையில் இருந்த கத்தரிக்கோல் ஸுஹைருக்கு அப்போதுதான் விளங்கியது.

"அதோட ஒரு கூத்தும் இருக்கு" என்று ஐயாத்துரை வெட்கத்தோடு சிரித்தார். "விசயதசமி விடிய, பூசையில வைச்ச சாமான் வேலை செய்யவேணுமெல்லே. புத்தகமெண்டா ரண்டு வரி படிக்கலாம். றெக்கோட்டை, இந்தத் தட்டை, என்ன செய்யிறது? எங்களிட்டத் தட்டுப் போடுற பெட்டியும் இல்லை, கரண்டும் இல்லை. நான் ஒவ்வொண்டாய் விரலில குத்தி ஒருக்கால் சுத்தி விடுவன். இவ கும்பிடுவா. சத்தம் வராது. எண்டாலும் சுத்தினதெல்லே?"

ஸுஹைர் குளத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். பன்னிரண்டு விஜயதசமி, முப்பத்திரண்டு தட்டு, ஒரு வயற்காரன் தன் தடித்த விரலில், ஒரு சத்தமும் கேட்காமல், ஒவ்வொன்றாகச் சுழற்றிக்கொண்டிருக்கிறான். கடையில் கண்ட பழக்கம் மட்டுமே உள்ள மனிதருக்காக. கொஞ்சம் முன்னர் வயிறு எரிந்ததை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னார். ஐயாத்துரை தலையாட்டினார்.

விடிந்தது. கற்பூரம் காட்டி முடிந்ததும் விமலேஸ்வரி நீல லேபல் தட்டை இரண்டு கையாலும் எடுத்து ஸுஹைரிடம் கொடுத்தாள். அவர் அதைப் பரமேஸ்வரனிடம் கொடுத்தார். பரமேஸ்வரன் முற்றத்து வெயிலில் தட்டைச் சாய்த்துப் பிடித்தார், டோர்ச் அடித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"இதென்ன அண்ணை, ஒரு கீறல் இல்லை, ஒரு பூஞ்சணம் இல்லை! யாழ்ப்பாணத்தில இருபது வீடு பார்த்தனான். எல்லாம் பூஞ்சணம், கறையான், வெக்கையில வளைஞ்சது. வருசம் ஒருக்கால் வெளிய எடுத்து, துடைச்சு, காத்துப்பட வைச்சு, நிமித்தி வைக்கவேணும். அப்பிடிச் செய்த வீடு நான் காணேல்லை." தட்டிலேயே, பாட்டுக் கோடு முடிகிற ஓரத்தில் பொறித்திருந்த இலக்கத்தையும் படித்தார். "முதல் அச்சுத்தான்."

"அப்ப விலை?" என்றார் ஸுஹைர்.

பரமேஸ்வரன் நல்ல மனிதர். ஆனால் வியாபாரம் வியாபாரம். "லேபல் போச்சே அண்ணை. தண்ணி பட்டா கடதாசியும் சேர்ந்து வரும், ஒண்டும் செய்யேலாது. பாட்டு எவ்வளவு நல்லாயிருந்தாலும் லேபல் பழுதெண்டா பாதி விலை. முப்பத்திரண்டுக்கும் அப்பிடித்தான்."

குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற விமலேஸ்வரி இதைக் கேட்டுவிட்டாள். தட்டத்தை அப்படியே நிலத்தில் வைத்தாள். "நான் கெடுத்துப்போட்டனோ?" என்றாள். "நானா, நான் நல்லதெண்டு நினைச்சு... உங்கட வீட்டுக் கூரையை எல்லே நான் கெடுத்துப்போட்டன்?" சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸுஹைர் பரமேஸ்வரனின் கையிலிருந்து தட்டை வாங்கினார். தான் கொண்டுவந்த தட்டுப்பெட்டியைத் திறந்து, தட்டை வைத்து, ஊசியை இறக்கினார். "விசயதசமி எல்லே தங்கச்சி. முதல்ல அது தன்ர வேலையைச் செய்யட்டும்."

ஒரு கரகரப்பு. பிறகு ஊதுகுழல் வந்தது. முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னர் புறக்கோட்டைக் கடையில் கேட்ட அதே மெட்டு, அதே தெளிவில். சந்தனப் பொட்டு சுற்றிச் சுற்றி ஒரு மஞ்சள் வளையமாகத் தெரிந்தது. ஐயாத்துரை சம்மணம் கொட்டி இருந்து கேட்டார். ஊதுகிறவன் மெட்டை விட்டுப் புறப்பட்டதும் அவர் முகம் சுருங்கியது. ஏதோ பிழைத்துவிட்டது என்று பெட்டியைப் பார்த்தார், ஸுஹைரைப் பார்த்தார். சற்று நேரத்தில் மெட்டு திரும்பி வந்து நின்றது.

"அட, வந்திட்டான்" என்றார் ஐயாத்துரை. "வழி தவறிப் போனானாக்கும் எண்டு நினைச்சன். எவ்வளவு தூரம் போனாலும் வீட்டை மறக்கேல்லை, பாத்தியளோ?"

விமலேஸ்வரி கண்ணீரோடு சிரித்துவிட்டாள். "இதைத்தானோ இவர் இவ்வளவு காலமும் சத்தமில்லாமல் சுத்தினவர்!"

ஸுஹைர் ஊசியைத் தூக்கி வைத்தார். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"தங்கச்சி, கேளுங்கோ. நீங்கள் பொட்டு வைச்சதாலதான் இது துடைபட்டது. துடைபட்டதாலதான் தப்பினது. பொட்டில்லாட்டி எனக்குப் பாதி விலையும் இல்லை, ஒரு தட்டும் இல்லை, கறையான் புத்துத்தான் இருக்கும். உங்கட தையல் மெஷினை இறக்கிப்போட்டு என்ர பெட்டியை ஏத்தினீங்கள். நான் அந்த மெஷினுக்கு என்ன விலை போடுறது? சொல்லுங்கோ."

அப்படியே ஸுஹைர் பரமேஸ்வரன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள் சொன்ன பாதி விலைக்கு முப்பத்தொண்டையும் எடுங்கோ. இந்த நீலத்தை விட்டிடுங்கோ."

பரமேஸ்வரன் துள்ளி எழும்பினார். "அண்ணை, விலையிருக்கிறதே அதிலதானே! பாதி விலை எண்டாலும் அது தனிய மற்றதில பத்துக்குச் சமன்." கொஞ்சம் நின்று, மனம் கேட்காமல், உண்மையையும் சொன்னார்: "சரி, இப்ப விக்காட்டியும் பரவாயில்லை. வைச்சிருங்கோ. அஞ்சு வருசத்தில இந்த விலை இன்னும் ஏறும்."

"ஏறட்டும்" என்றார் ஸுஹைர். "ஏறிறதெண்டா இந்த வீட்டில இருந்து ஏறட்டும்."

விமலேஸ்வரி வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள். நானா இது பெரிய சாமான், எங்களுக்கு என்னத்துக்கு என்றாள். ஸுஹைர் தட்டை உறையில் போட்டு அவள் கையில் வைத்தார்.

"தரேல்லை தங்கச்சி. திரும்பவும் அமானிதமாய் வைக்கிறன். வருசா வருசம் பொட்டு வைக்கவேணும். பெட்டியோட வந்து சுத்த வைக்கிறது என்ர பொறுப்பு."

புத்தளத்துக்குத் திரும்பிப் போனபோது ஜொஹறாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்குப் பெரிய கிலேசமாக இருந்தது. கூரைக்குப் போதும், நாலாவது சுவருக்குப் போதாது. எல்லாவற்றையும் சொன்னார், தையல் மெஷின் கதையைக் கடைசியில் சொன்னார். ஜொஹறா கடைசி வரை கேட்டாள். ஒரு காலத்தில் தட்டுக்குப் பதிலாகத் தேங்காய் கேட்டவள் அவள்.

"நான் கேட்டது கூரைதானே" என்றாள். "சுவருக்குத் தென்னோலைக் கிடுகு கட்டலாம்."

அடுத்த வருடம் சரஸ்வதி பூசைக்கு ஸுஹைர் தட்டுப்பெட்டியும் ஒரு பெரிய பொதியுமாக வந்து இறங்கினார். பொதிக்குள் ஒரு தையல் மெஷின் தலை; பழையது, ஆனால் அவரே கழற்றிப் பூட்டி எண்ணெய் போட்டு ஓடவைத்தது. அதை அவர் விமலேஸ்வரியின் முன்னால் இறக்கி வைத்தார். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, தூரத்திலிருந்து வந்தவரிடம் எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"இவ்வளவு பாரத்தோட... புத்தளத்தில எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள் நானா?"

"புத்தளத்தில இருந்து இல்லை தங்கச்சி" என்றார் ஸுஹைர். "முல்லைத்தீவுக்குக் குடிவந்து ரண்டு கிழமை. வீட்டில இருந்து வாறன்."

விமலேஸ்வரி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். நீல லேபல் தட்டில் பதினான்காவது பொட்டை வைத்தாள். பிறகு தையல் மெஷினுக்கு ஒன்று வைத்தாள்.